அப்பியாச யந்திரமும் ஆக்கவுரிமையும்

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணவனொருவன், நான்கு மாதங்களுக்கு முன் நடைபெற்ற விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பலகைச் சில்லையும், ஒரு முழக் கயிற்றையும், ஒரு மண்பையையும் கொணர்ந்து வைத்தான். பக்கத்து மேசைகளில் வண்ண வண்ண மின்குமிழ்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. ஆதலின் இவனுடைய மேசையை நாடி நின்றவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், கையிலிருந்த தொலைபேசியால் அப்பொருளைப் பல பக்கங்களிலும் படம் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதை நீர் பதிவு செய்யாவிட்டால் வேறு யாராவது செய்துவிடுவார்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று மாலை மாணவன் கலங்கிய முகத்துடன் எம்மிடம் வந்தான். "சேர், இதற்குப் பேட்டன்ற் எடுக்கலாமோ?"

அவ்வினாவுக்கு உடனே விடையளிக்க எம்மால் இயலவில்லை. விடை தேடப் புகுந்தபோது, அப்பியாச யந்திரங்களின் வரலாறு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவர நேர்ந்தது. அச்சுற்றிலே கண்டவற்றைத்தான் இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் அந்த மண்பையின் கதையைக் கூறிவிடுவோம். மாணவனுடைய அம்மப்பா பாரிசவாதத்தால் வலக்கை வலுக்குன்றியவர். நாள்தோறும் அக்கைக்கு அப்பியாசம் கொடுத்து வரும்படி வைத்தியசாலையிற் சொல்லியனுப்பினார்கள். வீட்டார் விறாந்தை வளையிலே கப்பியொன்றைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையில் மண்பையையும் மறுமுனையிற் கைப்பிடியையும் கொழுவினர். கை மேலே நீட்டியிருந்த நிலையில் முதியவரால் அப்பையை அசைக்கவே முடியவில்லை. பேரன் சற்றே தூக்கிக்கொடுத்துக் கை முகத்தளவுக்கு இறங்கிவிட்டால், அதன்பின் தாமே மார்பளவும் இழுத்துவிடுவார். மண்ணைக் குறைத்தால் தொடக்கம் இலகுவாயிற்று. ஆனாற் பிற்பகுதியில் அப்பியாசம் என்ற பெயரே மிஞ்சியது. பேரன் பல நாட்கள் இதனை நோக்கியிருந்தான். பின்னர்க் கப்பியை அகற்றிவிட்டு, ஆறங்குல ஆரையுள்ள பலகைச் சில்லொன்றைத் தச்சரிடம் வெட்டுவித்து, அச்சுக்குரிய துளையை நடுவிலே போடாமல் இரண்டங்குலம் தள்ளிப் போடுவித்தான்.

பௌதிகம் கற்ற மாணவர்கள் இதன் நுட்பத்தை உடனே உணர்வர். தொடக்கத்திற் கைப்பக்கத்துக் கயிறு அச்சிலிருந்து எட்டங்குலத் தூரத்திலும், பைப்பக்கத்துக் கயிறு நான்கங்குலத் தூரத்திலும் நிற்கின்றன. ஆகவே நான்கு கிலோகிராம் மண் கைக்கு இரண்டு கிலோகிராமாகவே தோற்றும். சில்லு அரைச்சுற்றுச் சுற்றியதும் நிலைமை தலைகீழாகிவிடுகின்றது. அதே மண் எட்டுக் கிலோகிராமாகக் கனக்கின்றது. கை மெலிந்த இடத்திற் பாரமும் மெலிகின்றது. கை வலுக்கும் இடத்திற் பாரமும் வலுக்கின்றது. போதாக்குறைக்கு, நடுவிலிருந்து வெவ்வேறு தூரத்தில் ஐந்து துளைகளை அவன் வரிசையாக இடுவித்திருந்தான். நடுத்துளையில் அச்சைச் செருகினால் அது வெறுங்கப்பி. ஓரத்துளையிற் செருகினால் ஏற்றத்தாழ்வு உச்சமாகும்.

பார்க்குந்தோறும் எமக்குப் பெருமிதமாகவே இருந்தது. ஆயினும் ஆக்கவுரிமை வழங்குவோர் கேட்கும் கேள்வி வேறு. "இஃது அழகிதா?" என்று அவர்கள் கேட்பதில்லை, "இஃது உலகில் எங்கேனும் முன்னர் இருந்ததா?" என்றே கேட்பர்.

ஆக்கவுரிமை என்பது அரசுக்கும் ஆக்கியோனுக்கும் இடையே நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கல். ஆக்கியோன் தன் பொருளின் இரகசியத்தை, துறை தெரிந்த எவரும் படித்துச் செய்யக்கூடிய அளவுக்கு, விளக்கமாக எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை பிறர் அதனைச் செய்தலையும் விற்றலையும் தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு அளிக்கின்றது. காலம் கழிந்தபின் அப்பொருள் எல்லார்க்கும் பொது. பலர் இதனை வெறும் பூட்டு என்றே கருதுகின்றனர். பூட்டுத்தான், ஆனால் உள்ளேயிருப்பது இன்னதென்று கதவின்மேல் எழுதி ஒட்டிய பூட்டு.

அவ்வாறு எழுதி ஒட்டியதனாற்றான், இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு யந்திரத்தைப் பற்றி நாம் இன்று பேசமுடிகின்றது. இலண்டனில், மின்சாரத்தால் நோய்தீர்க்கும் தொழிலை நடத்திவந்த பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர், 1796ஆம் ஆண்டில் 'ஜிம்னாஸ்டிக்கன்' என்னும் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். மரச்சட்டமொன்றிலே, காலால் மிதிக்கும் பலகைகளும் கையாற் சுழற்றும் பிடிகளும் சில்லுகளால் இணைக்கப்பட்டிருந்தன. கால்கள் கைகளை இயக்கலாம். கைகள் கால்களை இயக்கலாம். வேண்டுமாயின் ஒவ்வொன்றும் தனித்தும் இயங்கலாம். கணக்கெழுதும் வணிகரும், நூல் படிக்கும் மாணவரும் தத்தம் வேலையை விடாமலே கால்களுக்கு அப்பியாசம் கொடுக்கலாம் என்றும், தாமே மிதிக்க மனமில்லாவிடின் ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு சில்லைச் சுழற்றுவிக்கலாம் என்றும் அக்காலத்தில் இதற்கு விளம்பரம் கூறப்பட்டது. அந்தச் சிறுபிள்ளைக்கே முழு அப்பியாசமும் கிடைத்திருக்கும் என்பது எமது துணிபு.

இதற்குச் சில ஆண்டுகளின் பின் தோன்றிய இன்னொரு பொறி, உடல்நலத்திற்காகவன்றித் தண்டனைக்காகவே எழுந்தது. வில்லியம் கியூபிற் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், சிறைக்கைதிகள் சோம்பியிருத்தலைக் கண்டு 1818ஆம் ஆண்டளவில் மிதிசில்லை அமைத்தார். 1821இல் இலண்டனின் பிறிக்ஸ்ரன் சிறையில் நிறுவப்பட்டது மிகவும் பேர்பெற்றது. நீண்ட உருளையொன்றின்மேல் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருப்பர். படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அச்சில்லு தானியம் அரைத்தது. சிலவற்றில் எதனையும் அரைக்காமற் காற்றிலே சுழன்றது. எங்கள் குடாநாட்டிலே துலா மிதித்தவர்களும் இவ்வாறே முன்னும் பின்னும் நடந்தவர்கள்தாம். ஆயின் அவர்கள் காலடியிலே தண்ணீர் ஏறிவந்து தோட்டத்துக்குப் பாய்ந்தது. 1898ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரித்தானியச் சிறைகளில் மிதிசில்லின் காலம் முடிவுற்றது.

அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்குள், நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான பட்டைப்பொறியொன்றுக்கு 'பயிற்சி யந்திரம்' என்ற பெயரிலே அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. 1913இல் அதனைப் பெற்றவர் குளோட் ஹேகன். இவர் நாடகமேடைப் பொறிகளை அமைப்பவர். 1899இல் நியூயோர்க்கில் அரங்கேறிய 'பென்ஹர்' நாடகத்தின் தேரோட்டக் காட்சியில், உயிருள்ள குதிரைகளை மேடையிலே சுழலும் பட்டைகளின்மேல் ஓடவைத்தவர் அவரே. குதிரை ஓடிய பட்டையில் மனிதன் ஓடலானான். சிறையிற் கட்டாயத்தால் ஏறியதை, இன்று நகரங்களிலே மாதச்சந்தா கட்டி ஏறுகின்றோம்.

இவையெல்லாம் முன்னுரை போன்றவை. எமது மாணவனின் சில்லுக்கு நேரான மூதாதை சுவீடன் நாட்டிலேயே இருக்கின்றது.

அந்நாட்டில் பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டொக்ஹோம் நகரில் அப்பியாசக் கல்லூரியொன்றை நிறுவி, நோயாளருக்குரிய அப்பியாச முறையொன்றை வகுத்தார். அம்முறையிலே கருவி எதுவும் இல்லை. பயிற்றுநரின் கையே கருவி. நோயாளி கையை மடக்குவார். பயிற்றுநர் தமது கையால் அதனை எதிர்த்து அழுத்துவார். ஒருவருக்கு ஒருவர் வேண்டும். காலையில் இருந்த வலு பயிற்றுநருக்கு மாலையில் இராது. திங்களன்று எவ்வளவு அழுத்தினார் என்பதை வெள்ளியன்று எவரும் அறியார்.

1835இற் பிறந்த குஸ்டாவ் ஸாண்டர் இளமையில் பெண்கள் பள்ளியொன்றில் அப்பியாசம் கற்பித்தவர். பல பிள்ளைகளுக்குத் தாம் ஒருவரே கைகொடுக்க இயலாமையை அங்கே உணர்ந்தார். பயிற்றுநரின் கைக்குப் பதிலாக ஒரு நெம்பையும் அதன்மேல் நகரும் ஒரு பாரத்தையும் வைத்தால் என்ன என்பதே அவருக்குத் தோன்றிய எண்ணம். பாரம் பொறுதிக்கு அண்மையில் நின்றால் எதிர்ப்புச் சிறிது. தள்ளி நின்றாற் பெரிது. நெம்பிலே அளவுக்கோடுகளைக் கீறிவிட்டார். இன்று இந்த நோயாளிக்கு மூன்றாங்கோடு, அடுத்த கிழமை நாலாங்கோடு என்று ஏட்டிலே பதிந்துவைக்கும் நிலை உண்டாயிற்று. மருத்துவமும் கற்றுத் தேறியபின், 1865இல் ஸ்டொக்ஹோம் நகரில் இருபத்தேழு யந்திரங்களுடன் தமது நிலையத்தைத் திறந்தார்.

அந்நிலையத்தின் புகைப்படங்களைக் காண்போர் புன்னகை செய்யாதிரார். கழுத்துப்பட்டியும் மேலங்கியும் அணிந்த கனவான்களும், பாதம்வரை நீண்ட பாவாடையணிந்த சீமாட்டிகளும், தொப்பியைக்கூடக் குலையவிடாது யந்திரங்களில் அமர்ந்திருக்கின்றனர். கைக்குரியவை ஒரு வரிசை, காலுக்குரியவை ஒரு வரிசை, முதுகுக்கும் வயிற்றுக்கும் உரியவை இன்னொரு வரிசை. நோயாளி தாமே இயக்குபவை சில. நீராவியால் இயங்கி நோயாளியை அசைப்பவை சில. தட்டுவதற்கும் பிசைவதற்கும் அதிர்விப்பதற்கும் வேறு. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியில் இவை பரிசு பெற்றன. 1884ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தபின், கைகால் முறிந்த தொழிலாளரை மீண்டும் வேலைக்குத் தகுதியாக்கும் பொருட்டு அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் பல எழுந்தன. வீஸ்பாடன் நகரிலே இவற்றைச் செய்த தொழிற்சாலையின் யந்திரங்களே, 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் அப்பியாசக் கூடத்தையும் அலங்கரித்தன. மின்சாரத்தால் ஆடும் ஒட்டகமொன்று அங்கே இருந்தது.

லிங்கின் வழிவந்தோர் ஸாண்டரை விரும்பவில்லை. உயிருள்ள கை நோயாளியின் நடுக்கத்தை உணரும், இரும்பு உணருமா என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. கை முகத்தளவுக்கு வரும்வரை தூக்கிக்கொடுத்த பேரனின் கையன்றோ, எந்த இடத்திற் பாரம் குறையவேண்டும் என்பதை அவனுக்குக் கற்பித்தது!

தசையின் வலு எல்லா நிலையிலும் ஒன்றன்று என்பதை ஸாண்டரும் நன்கறிந்திருந்தார். நெம்பு சுழலும்போது பாரத்தின் தாக்கம் கூடிக் குறையுமாறு தமது யந்திரங்களை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வியன்னா நகரத்து வைத்தியரான மக்ஸ் ஹேர்ட்ஸ் இன்னும் ஒருபடி சென்றார். ஒவ்வொரு மூட்டிலும் தசையின் வலு எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்பதை அளந்து வரைபடமாக்கி, அவ்வரைபடத்துக்கு ஏற்ப வட்டமல்லாத சில்லுகளை வெட்டுவித்துப் பாரத்தை அவற்றிலே தொங்கவிட்டார்.

இவ்விடத்தை வாசித்தபோது எமது மாணவனின் முகம் வாடியதைக் கண்டோம். அவன் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவனது சில்லு வியன்னாவிற் சுழன்றிருக்கின்றது.

"அப்படியானால், சேர், பிறகு வந்த ஒருவருக்கும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டான். கிடைத்தது என்பதுதான் வியப்பு. ஆதர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் காட்டுவிலங்குகளைப் பிடித்து விற்றவர், அவற்றைப் பற்றிப் படம் எடுத்தவர், பள்ளிப்படிப்பை நம்பாதவர். பாரந்தூக்கும்போது சில நிலைகளில் தசைக்கு வேலையே இல்லாது போவது அவரை நெடுநாள் உறுத்தியது. சுருண்ட ஓட்டின் வடிவிலே சில்லொன்றைச் செய்து, அதன்மேல் சங்கிலியைச் சுற்றி, 1970இல் தம் யந்திரங்களை விற்கத் தொடங்கினார். 'நோட்டிலஸ்' என்னும் கடற்பிராணியின் ஓட்டை அச்சில்லு ஒத்திருந்தமையால், அதுவே யந்திரத்தின் பெயருமாயிற்று. அவ்வாண்டுகளிலேயே அவற்றுக்கு ஆக்கவுரிமைகளும் பெற்றார். பின்னர் அமெரிக்காவெங்கும் அந்த யந்திரங்களைக் கொண்ட நிலையங்கள் பெருகின.

பழைய தத்துவத்துக்குப் புதிய உரிமை எவ்வாறு கிடைத்தது? ஆக்கவுரிமைப் பத்திரத்தின் இறுதியில் 'உரிமைக் கூற்றுகள்' என ஒரு பகுதி உண்டு. உரிமையின் எல்லைவேலி அதுவே. 'சில்லின் ஆரை மாறினாற் பாரம் மாறும்' என்னும் உண்மைக்கு எவரும் வேலி போடமுடியாது. அஃது ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சொத்து. இந்த இருக்கையும், இந்த மூட்டுக்கு நேரே நிற்கும் இந்த அச்சும், இந்தச் சில்லும், இந்தச் சங்கிலியும் இவ்வாறு இணைந்த இணைப்பு என்று குறுக்கிச் சொன்னால், அந்தச் சிறுகாணிக்கு வேலி போடலாம். வேலியை விரித்தால் முன்னோரின் காணியில் முட்டும். சுருக்கினால் அயலவன் வேலிக்கு வெளியே நின்று அதேபோன்ற ஒன்றைச் செய்துவிடுவான். எல்லைச் சண்டையின் இயல்பை எம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ!

எமது நாட்டின் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஆள்கின்றது. பொருள் புதிதாக இருத்தல் வேண்டும்; துறையறிந்த ஒருவருக்கு இலகுவில் தோன்றிவிடாத ஆக்கப்படி அதிலே இருத்தல் வேண்டும்; கைத்தொழிலிற் செய்யத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். உரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு நிற்கும். அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வரவேண்டும். நோயைத் தீர்க்கும் முறைக்கு எவரும் உரிமை கோரமுடியாது. அம்முறைக்குப் பயன்படும் பொருளுக்குக் கோரலாம். அதாவது, பாரிசவாதம் கண்ட கையை இப்படி உயர்த்தி இப்படித் தாழ்த்து என்பது எவர்க்கும் உரியதன்று. உயர்த்த உதவும் சில்லு ஒருவர்க்கு உரியதாகலாம். இந்தப் பிரிப்பு எமக்குப் பெரிதும் பிடித்திருந்தது.

கண்காட்சியிற் காட்டிவிட்டோமே என்ற அச்சமே மாணவனை முதலிலே வாட்டியது. ஆக்கியோன் தானே வெளிப்படுத்தியிருந்தால், அன்றிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பதற்கு எமது சட்டம் இடமளிக்கின்றது. வேறு பல நாடுகளில் இச்சலுகை இல்லை. அங்கே காட்டிய அன்றே புதுமை போய்விடும். ஆதலால், பொருளைச் செய்துவைத்திருக்கும் மாணவர்கள் மேசையில் அதனை வைக்குமுன்னரே யோசித்தல் நன்று. படம் பிடித்துச் சென்ற மனிதரைப் பற்றியும் அவனுக்குத் தெளிவுபடுத்தினோம். பிறன் ஆக்கியதைத் தான் ஆக்கியதாகக் கூறி உரிமை பெறுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஐந்து துளைகள் மட்டும் எஞ்சின. சில்லின் ஏற்றத்தாழ்வையே கிழமைக்குக் கிழமை மாற்றக்கூடியதாக அமைத்தது புதுமையாகுமா? பல நாடுகளின் ஆக்கவுரிமைப் பத்திரங்களை இப்போது இணையத்திலே எவரும் இலவசமாக வாசிக்கலாம். நாமும் அவனும் கல்லூரி நூலகத்தில் மூன்று சனிக்கிழமைகள் அமர்ந்து அவற்றைத் தேடினோம். சரிசெய்யத்தக்க சில்லுகள் அங்கேயும் இருந்தன. திருகாணியால் மாற்றுபவை, தண்டால் மாற்றுபவை எனப் பலவகை. ஒரே அச்சுக்கு வரிசையான துளைகள் கொண்ட பலகைச் சில்லு எமது கண்ணுக்கு அகப்படவில்லை. அகப்படாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பதையும், துளை போடுதல் எவருக்கும் தோன்றக்கூடியதே என்று பரிசீலகர் கூறக்கூடும் என்பதையும் அவனுக்கு மறைக்கவில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்புவதா, கட்டணத்துக்குரிய காசைப் படிப்புக்கு வைப்பதா என்பதை அவனுடைய பெற்றோரே தீர்மானிக்கவேண்டும்.

எதுவாயினும் எழுதிவைக்கச் சொன்னோம். அதில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. எமது தச்சரும் கொல்லரும், துலாவுக்கும் செக்குக்கும் வண்டிக்கும் எத்தனை நுட்பங்களைக் கண்டிருப்பார்கள்! அவற்றுக்கு ஒரு தாளாவது இல்லை. லௌண்ட்ஸின் மரச்சட்டத்துக்குத் தாள் இருந்தது. ஆகவே அதனை அறிகின்றோம். மாணவன் கொப்பியொன்றை எடுத்து, சில்லின் முன்தோற்றம், பக்கத்தோற்றம், துளைகளுக்கிடையேயுள்ள தூரம், பையின் நிறை, எத்தனையாம் கிழமை எந்தத் துளை என்பவற்றையெல்லாம் வரைந்தும் எழுதியும் வருகின்றான். உரிமைக் கூற்றின் முதல் வாக்கியத்தை மாத்திரம் ஒன்பது தடவை வெட்டி எழுதியிருக்கின்றான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, அளவுகளைச் சரிபார்ப்பதற்காக அவனுடைய வீட்டுக்குப் போயிருந்தோம். விறாந்தையிற் சில்லு தொங்கியது. கொப்பியின்படி அச்சு மூன்றாந்துளையில் இருக்கவேண்டிய கிழமை அது. நாம் பார்த்தபோது அது நடுத்துளையில் இருந்தது. "நீரா மாற்றினீர்?" என்று கேட்டோம். அவன் இல்லையென்று தலையசைத்து, சாய்மனைக் கதிரையைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் மாற்றினேன், மாஸ்ரர்," என்றார் முதியவர். "பொடியன் நித்திரை. இரண்டு கையாலும் பிடித்துத்தான் கழற்றினேன். இனி அது சும்மா வட்டமாக ஓடினாற் போதும்."

மாணவன் கொப்பியைத் திறந்து, அந்தக் கிழமைக்கு எதிரே மூன்று என்றிருந்ததை வெட்டிவிட்டுத் திகதியைக் குறித்துக்கொண்டான்.